கனவில் வந்த மேசை எண்

எஸ்.பி.எம். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது படிவம் 5 மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "சார், ஒரு கெட்ட கனவு. வரிசையா மூணு நாள் வந்திருச்சு" என்றாள். ஜொகூர் பாருவில் நான் நடத்தும் மாலை நேர அறிவியல் வகுப்புக்கு வருபவள். கனவு இதுதான்: தேர்வு மண்டபத்துக்கு ஓடுகிறாள். எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவளுடைய மேசையில் வினாத்தாள் இருக்கிறது, ஆனால் எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. "நேரம் முடிந்தது" என்று ஒரு குரல் கேட்கிறது. திடுக்கிட்டு விழித்துவிடுகிறாள்.

வீட்டில் சொல்லியிருக்கிறாள். பாட்டி, "விடியக்காலைக் கனவு பலிக்கும்மா, கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செஞ்சிட்டு வா" என்றாராம். மாமா வேறு மாதிரி. "மேசையில என்ன நம்பர் ஒட்டியிருந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். அவள் அரைகுறையாக நினைவுபடுத்திச் சொன்ன நான்கு இலக்கங்களை அந்த வாரமே வாங்கியும் விட்டார். நம்பர் விழவில்லை. அதில் அவளுக்கு ஒரு சின்ன நிம்மதி. "நம்பர் பலிக்கலைன்னா கனவும் பலிக்காதுதானே, சார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

பாட்டி, மாமா, மாணவி ஆகிய மூவரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்தக் கனவால் நாளைக்கு என்ன நடக்கும்?" அந்தக் கேள்விக்குக் கனவில் விடை கிடையாது. ஆனால், "இந்தக் கனவு இன்றைய என்னைப் பற்றி என்ன சொல்கிறது?" என்று கேட்டால், பல நேரம் உருப்படியான பதில் கிடைக்கும். அது ஏன் என்பதைத்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன்.

தூங்கும் மூளை சும்மா இருப்பதில்லை

தூங்கும்போது மூளை விளக்கை அணைத்த வீடுபோல அடங்கிவிடும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியல் கிளைட்மன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. தூங்குபவரின் மூடிய இமைகளுக்குள் கண்விழிகள் சில நேரங்களில் வேகமாக அசைவதை அவர்கள் பதிவு செய்தார்கள். அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். இதை விரைவிழி அசைவுத் தூக்கம், சுருக்கமாக 'ரெம்' தூக்கம் என்கிறோம். மற்ற நேரங்களிலும் கனவு வருவதுண்டு. ஆனால் கதைபோல நீளமான, தெளிவான கனவுகள் பெரும்பாலும் ரெம் தூக்கத்தில்தான் வருகின்றன.

தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ரெம் தூக்கம் வரும். முதல் சுற்றில் அது சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க அரை மணி நேரம், அதற்கு மேலும் நீளும். 'விடியற்காலைக் கனவு' என்று பாட்டிகள் தனியாகப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. விடியற்காலையில்தான் கனவு அதிகம். அப்போது எழுந்துவிடுவதால் அது நினைவிலும் தங்குகிறது. பாட்டி கவனித்தது சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை.

ரெம் தூக்கத்தில், அச்சம் போன்ற உணர்வுகளைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருந்துகொண்டு "இது நடக்கக்கூடியதா?" என்று சரிபார்க்கும் முன்மூளைப் பகுதி ஓய்ந்திருக்கிறது. அதனால்தான் செத்துப்போன தாத்தா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிடும்போது நமக்கு வியப்பே வருவதில்லை. ஆனால் பயமோ பாசமோ முழு வேகத்தோடு வருகிறது. கனவின் கதை எவ்வளவு உளறலாக இருந்தாலும், அதில் எழும் உணர்வு உங்களுடைய சொந்த உணர்வு.

இதே தூக்கத்தில் உடலின் பெரும்பாலான தசைகள் செயலிழந்து கிடக்கும். இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து விழுந்துவிடுவோம். சில நேரம் மனம் விழித்துக்கொண்டும் தசைகள் இன்னும் விடுபடாமலும் இருக்கும். யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்ததுபோல் தோன்றும். இதைத் தமிழில் 'அமுக்குவான் பேய்' என்றார்கள், மலாய்க்காரர்கள் 'ஹந்து திண்டே' என்கிறார்கள். இரு மொழிகள், ஒரே உடலியல்.

12 கோடிக் கனவுகளின் கணக்கு

"இல்லை சார், எங்க அத்தைக்கு நிஜமாவே பலிச்சது" என்று உங்களில் யாராவது சொல்வீர்கள். நான் மறுக்கவில்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்.

மலேசியாவில் 3 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கிறோம். ஆளுக்கு ஓர் இரவில் நான்கு கனவு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் இரவும் குறைந்தது 12 கோடிக் கனவுகள். இவற்றில் 10 லட்சத்தில் ஒன்று மட்டும் மறுநாள் நடக்கும் ஏதோ ஒன்றோடு தற்செயலாகப் பொருந்துகிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு நாளும் இந்த நாட்டில் 120 பேருக்குக் கனவு 'பலிக்கும்'. அந்த 120 பேரின் கதைகள் வாட்ஸ்அப்பில் சுற்றும். பலிக்காத மற்றவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலைப் பசியாறலுக்குள் அவை மறந்தே போயிருக்கும்.

மாமாவின் நம்பருக்கும் இதே கதைதான். பாம்புக்கு ஒன்று, யானைக்கு ஒன்று, பிணத்துக்கு ஒன்று என்று கனவுக்கு எண் சொல்லும் சிறு புத்தகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் 23 பரிசுகள். கனவு கண்டு வாங்கினாலும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாலும் 10,000இல் 23 என்ற வாய்ப்பு மாறவே மாறாது.

பாரிசில் தேர்வெழுதியவர்கள்

இனி அந்த மாணவியின் பயத்துக்கு வருவோம். அவளைப் போலவே தேர்வில் தோற்பதாகக் கனவு கண்டவர்களைப் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது. பிரான்சில் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதிய மாணவர்களிடம் தூக்க ஆய்வாளர் இசபெல் அர்னுல்ஃபும் அவருடைய குழுவினரும் கேட்டறிந்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 719 பேர் பதில் சொன்னார்கள். அவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் தேர்வுக்கு முந்தைய இரவு தேர்வைப் பற்றியே கனவு கண்டிருந்தார்கள். அந்தக் கனவுகளில் ஏறத்தாழ 78 விழுக்காடு சிக்கலான கனவுகள். தாமதமாகப் போய்ச் சேர்வது, விடை மறந்துபோவது ஆகியவைதான் அவற்றில் முதன்மையானவை.

முடிவு என்ன தெரியுமா? தேர்வைப் பற்றிக் கனவு கண்டவர்கள், காணாதவர்களைவிடச் சராசரியில் நன்றாகவே எழுதியிருந்தார்கள்.

உடனே "அப்படியானால் கெட்ட கனவு வந்தால் நல்ல மதிப்பெண் வரும்" என்று தலைகீழாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அதுவும் சோதிடம்தான். தேர்வைப் பற்றி அதிகம் அக்கறைப்படுபவர் அதிகம் படிப்பார், அதிகம் கனவும் காண்பார். இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம். கனவில் சிக்கலைப் பழகிப் பார்ப்பது உதவுகிறது என்பதும் ஒரு கருத்து. எது சரி என்று இந்த ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம்: தேர்வில் தோற்பதாகக் கனவு வருவது தோல்வியின் அறிகுறி இல்லை.

பாம்புக்கு ஒரே பொருளா?

கனவுப் புத்தகங்களின் பெரிய குறை, எல்லாருக்கும் ஒரே அகராதியைக் கொடுப்பது. குளுவாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால் மரம் வெட்டப் போன பாட்டிக்குப் பாம்பு என்பது காலடியில் கிடக்கும் ஆபத்து. ஜொகூர் பாரு அடுக்குமாடி வீட்டில் வளரும் பேரனுக்கு அது கைப்பேசி விளையாட்டில் வரும் ஒரு படம். இருவர் கனவிலும் பாம்பு வந்தால் பொருள் எப்படி ஒன்றாகும்?

சிக்மண்ட் ஃபிராய்டு 1900ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த தம் நூலில், மறைத்து வைத்த ஆசைகளே உருமாறிக் கனவாகின்றன என்றார். 1977இல் ஆலன் ஹாப்சன், ராபர்ட் மெக்கார்லி ஆகியோர் வேறு விதமாகச் சொன்னார்கள்: மூளைத்தண்டிலிருந்து எழும் தூண்டல்களை மூளை ஒரு கதையாகக் கோத்துக்கொள்கிறது, அதுதான் கனவு. கால்வின் ஹால் என்ற உளவியலாளர் ஆயிரக்கணக்கான கனவுகளைத் திரட்டி, யார் வருகிறார்கள், எங்கே நடக்கிறது, என்ன உணர்வு என்று எண்ணிப் பார்த்தார். அந்த வழியில் வந்த ஆய்வுகள் காட்டுவது இதுதான்: பகலில் நம் மனத்தில் எவையெல்லாம் இடம் பிடித்திருக்கின்றனவோ அவையே இரவிலும் வருகின்றன. அறிஞர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனாலும் கதையைக் கோப்பது மூளையே என்றாலும், அது எடுக்கும் நூல் உங்கள் நினைவிலிருந்துதானே வருகிறது?

கணித மேதை இராமானுஜன், தம் குடும்பம் வழிபட்ட நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைக் காட்டியதாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். அதே தாயாரைக் கும்பிட்ட மற்றவர்களுக்குச் சூத்திரம் ஏன் வரவில்லை? பகலெல்லாம் பலகையில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்த மனிதரின் கனவில்தான் கணக்கு வரும். ஆஸ்திரியாவின் ஓட்டோ லோவி, நரம்புச் செய்தி வேதிப்பொருளால் கடத்தப்படுகிறதா என்று சோதிக்கும் வழியை ஒரு கனவில் கண்டார். பாதித் தூக்கத்தில் எழுதி வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை. அடுத்த இரவு அதே எண்ணம் திரும்ப வந்ததும் எழுந்து ஆய்வகத்துக்கே போய்த் தவளை இதயங்களை வைத்துச் சோதித்தார். 1936இல் நோபல் பரிசு பெற்றார். பரிசு கனவுக்குக் கிடைக்கவில்லை, சோதித்துப் பார்த்ததற்குத்தான் கிடைத்தது.

நம் நாட்டுக் காட்டிலிருந்து கிளம்பிய ஒரு கதை

கனவைச் சோதிக்காமல் நம்புவது படிக்காதவர்கள் செய்யும் வேலை என்று நினைக்காதீர்கள். படித்தவர்கள் ஏமாந்த பெரிய கதையே நம் மலேசிய மண்ணில்தான் தொடங்கியது.

1934இல் கில்டன் ஸ்டுவர்ட் என்ற அமெரிக்கர் மலாயாவுக்கு வந்தார். தைப்பிங்கில் உள்ள பேரா அரும்பொருளகத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் பேட் நூனுடன் சேர்ந்து, மலைக்காட்டில் வாழும் தெமியார் பூர்வகுடி மக்களிடம் போனார். தெமியார், செனோய் என்ற பெரும்பிரிவைச் சேர்ந்தவர்கள். பிறகு 1951இல் ஸ்டுவர்ட் ஒரு கட்டுரை எழுதினார். செனோய் குடும்பங்கள் தினமும் காலையில் கூடிக் கனவுகளைப் பேசுகின்றன, கனவில் புலி துரத்தினால் திரும்பி நின்று எதிர்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகின்றன, அதனால் அவர்களிடையே இருநூறு முந்நூறு ஆண்டுகளாக வன்குற்றமும் இல்லை, மனநோயும் இல்லை என்று அதில் சொன்னார். அமைதி தேடிக்கொண்டிருந்த 1960களின் அமெரிக்க இளைஞர்கள் இதைக் கொண்டாடினார்கள். 'செனோய் கனவு முறை' என்ற பெயரில் பயிற்சிகள் நடந்தன, புத்தகங்கள் வந்தன.

1985இல் உளவியலாளர் வில்லியம் டோம்ஹோஃப், அந்த மக்களோடு நீண்ட காலம் வாழ்ந்த மானிடவியலாளர்களின் பதிவுகளைத் திரட்டி ஒரு நூல் எழுதினார். காலை நேரக் கனவு வகுப்பு என்று ஒன்றை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஸ்டுவர்ட் காட்டில் இருந்ததோ சில வாரங்கள்தான், அந்த மக்களின் மொழியும் அவருக்குத் தெரியாது. தான் விரும்பிய ஒரு நல்ல சமுதாயத்தை அவர் அந்தக் காட்டில் கண்டுவிட்டார். ஒரு வகையில் அதுவும் கனவுதான்.

உண்மையான தெமியார் மரபு இதைவிடச் சுவையானது. கனவில் ஓர் ஆவி ஒருவருக்குப் பாட்டு ஒன்றைக் கொடுக்கும், அந்தப் பாட்டைச் சடங்கில் ஊரே சேர்ந்து பாடி நோயாளியைத் தேற்றும். மெரினா ரோஸ்மன் என்ற ஆய்வாளர் அவர்களோடு தங்கி இதை விரிவாகப் பதிவு செய்து 1991இல் நூலாக்கினார். ஆவியை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கனவைத் தனியாக அடைத்து வைத்துப் பயப்படாமல், பக்கத்தில் இருப்பவர்களோடு பகிர்ந்துகொள்ளும் பழக்கத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

விடியற்காலை 5 மணி ஜொகூர்

ஜொகூர் பாரு பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சிங்கப்பூரில் வேலை செய்யும் பெற்றோர் இருளிலேயே மோட்டார் சைக்கிளில் பாலத்தை நோக்கிக் கிளம்புகிறார்கள். வீடே அப்போது விழித்துக்கொள்கிறது. இரவு 12 மணிவரை கைப்பேசியோடு இருந்துவிட்டு 5 மணிக்கு எழுந்தால் இழப்பது வெறும் மூன்று மணி நேரம் என்று நினைப்பீர்கள். ரெம் தூக்கம் அதிகம் இருப்பது அந்தக் கடைசி மணி நேரங்களில்தான். நீங்கள் வெட்டி எறிவது தூக்கத்தின் வால் பகுதியை, ஆனால் கனவின் பெரும்பகுதி அந்த வாலில்தான் இருக்கிறது. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். எழும் நேரம் உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். படுக்கும் நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

தலையணை அருகே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எழுந்தவுடன், கைப்பேசியைத் தொடுமுன், மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, என்ன உணர்வு வந்தது, அதே உணர்வு சமீபத்தில் பகலில் எப்போது வந்தது. இரண்டு வாரம் கழித்துப் படித்துப் பாருங்கள். ஒரே கெட்ட கனவு அடிக்கடி வந்து தூக்கத்தையே கெடுத்தால், பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த மாணவியிடமும் மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். "கனவில் ஓடிவந்தாயே, ஏன் தாமதம்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்பா வரலை சார். அப்பா மோட்டார்ல கொண்டுபோய் விடுவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன்." அந்த மாதம் மழை அதிகம். அவள் அப்பா தினமும் நாலரை மணிக்கு மழையில் பாலத்தைக் கடப்பவர். அவளுடைய வகுப்புக் கட்டணத்துக்காக மிகைநேர வேலையும் செய்பவர். மூன்று நாளாக அந்தப் பகுதியைக் கனவிலிருந்து பிரித்து யாருமே கேட்கவில்லை. பாட்டி தேர்வைக் கேட்டார், மாமா எண்ணைக் கேட்டார்.

"அப்பாகிட்ட சொன்னியா?" என்றேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று.

அடுத்த வாரம் வந்தபோது சொன்னாள்: இப்போதெல்லாம் வேலையிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்பா கைப்பேசியில் ஒரு வரி அனுப்புகிறார். அந்தக் கனவு அதன் பிறகும் ஒருமுறை வந்ததாம். "ஆனா எழுந்ததும் அப்பாவோட மெசேஜ் இருந்துச்சு, சார். திரும்பப் படுத்துத் தூங்கிட்டேன்."